காதுச் சார்ஜை மிச்சம் பிடித்த அண்ணாச்சி

மல்லாங்கிணறு கடைத்தெருவில் ராஜகுரு அண்ணாச்சியிடம் ஒரு டார்ச் லைட் வாங்க ஆகும் நேரத்தில், விருதுநகருக்குப் பஸ் ஏறிப் போய் அங்கே ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடலாம். பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கும் அவருக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் என் பாத்திரக்கடை, அந்தப் பக்கம் அவருடைய எலக்ட்ரிக்கல் கடை. நடுச்சுவர் ரொம்ப மெல்லிசு. அங்கே நடக்கிற உபதேசமெல்லாம் என் சம்மதத்தைக் கேட்காமலே என் காதில் வந்து விழும்.

அவர் கடையில் முக்கால்வாசி சார்ஜ் ஏற்றுகிற சாமான்கள்தான். மக்காச்சோளக் காட்டில் பன்றி விரட்டப் போகிறவர்கள் தலையில் மாட்டிக்கொள்ளும் லைட்டு, கரண்டு போனால் எரிகிற எமர்ஜென்சி லைட்டு, முதுகில் மாட்டி மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர், போன் சார்ஜர். சாமானை எடுத்துக் கொடுக்கிற வேலை சட்டென்று முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் கச்சேரியே. பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவாரே, அந்தக் குரலில், இந்த லைட்டை இனி எப்படி வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று ஆரம்பிப்பார்.

முழுக்க ஏறின பிறகும் வயரிலேயே தொங்கவிடக் கூடாது. ஒட்ட இறங்கிச் சாகவும் விடக் கூடாது. கால்வாசி இருக்கும்போதே மாட்டி, முக்காலைத் தாண்டினதும் கழற்றிவிட்டால் அது பாட்டுக்கு உழைத்துக்கொண்டே இருக்கும். வண்டிப் பெட்டிக்குள் போட்டு வெயிலில் நிறுத்தக் கூடாது. எரிந்து சூடாக இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது, முதலில் ஆறட்டும். பன்றி வராத காலத்தில் எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜோடு வைக்க வேண்டும், அப்பப்ப எடுத்துப் பார்க்கவும் வேண்டும். இது லைட்டுக்கு. ஸ்பிரேயர் வாங்கினவருக்கு இதில் பாதி தலைகீழ். அதில் இருப்பது காரீய பேட்டரி. அதற்கு எந்நேரமும் வயிறு நிறைந்திருக்க வேண்டும், மருந்தடித்து முடித்த அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும். ஒரே ஆள் லைட்டும் ஸ்பிரேயரும் சேர்த்து வாங்கிவிட்டால் அன்றைக்கு அவர் கதி அதோகதிதான்.

திருச்சுழிப் பக்கத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிற சம்சாரி பால்சாமி ஒரு தடவை அப்படி மாட்டிக்கொண்டார். அவர் போக வேண்டிய காரியாபட்டி பஸ் கண்ணெதிரே வந்து, நின்று, போயும் விட்டது. அண்ணாச்சி அப்போதுதான் காரீயத்துக்கு வந்திருந்தார். பால்சாமி பஸ்ஸையும் பார்க்கிறார், அண்ணாச்சி வாயையும் பார்க்கிறார். என் கடையில் அண்டா பார்த்துக்கொண்டிருந்த பெண்கள்கூட அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது. அண்ணாச்சி கொடுத்த லைட்டு மற்ற கடை லைட்டைவிட இரண்டு மடங்கு உழைத்தது. அதே கம்பெனி, அதே டப்பா. வித்தியாசம் அந்த உபதேசம் மட்டும்தான். அதனால்தான் பால்சாமி மறுபடியும் மறுபடியும் இந்தக் கடைக்கே வந்தார், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. ஊரும் அவருக்குச் சார்ஜ் அண்ணாச்சி என்று பெயர் வைத்தது.

பேட்டரி மட்டும் இல்லை, எந்தப் பொருளையும் உபயோகிக்காமல் வைத்திருப்பதில் அவருக்கு ஒரு சுகம். வீட்டு டிவி ரிமோட்டுக்கு இன்னும் பாலித்தீன் உறை. நாற்காலியில் வந்த பிளாஸ்டிக் தாளைக் கிழிக்க விடமாட்டார், உட்கார்ந்தால் வேர்த்துக் கொட்டும். மகள் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டி பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. ஏன் அண்ணாச்சி கட்டவில்லை என்று கேட்டால், நல்லது கெட்டதுக்கு ஆகும் என்பார். எத்தனையோ நல்லது வந்து போய்விட்டது. வேட்டி பீரோவை விட்டு இறங்கவில்லை.

அவர் மனைவி கனகலட்சுமி மதினி இதற்கு நேர் எதிர். கையில் இருப்பதை அன்றைக்கே எடுத்துச் செலவழித்துவிடுகிற ஆள். பேச்சையும் சேர்த்துத்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு. காலையில் மதினி அடுப்படியிலிருந்து பேச ஆரம்பித்தால், அன்றைக்கு அவர்கள் வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டும், தண்ணி லாரி வந்ததா வரவில்லையா என்பது கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். புதிதாக வந்தவர்கள் உள்ளே ஏதோ சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள். சண்டையெல்லாம் இல்லை. அண்ணாச்சிக்குக் காது மந்தம். சாதாரணமாகப் பேசினால் கேட்காது. அதனால் மதினிக்குச் சாப்பிட வாங்க என்பதும் கத்தல்தான், தலைவலிக்குது என்பதும் கத்தல்தான்.

காது ஒரே நாளில் போகவில்லை. படிக்கட்டில் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கியது. அவர் ஒரு படி இறங்க, மதினி குரல் ஒரு படி ஏறியது. இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. கடைக்கு வந்தவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள். பியூஸ் கேட்டால் டியூப்லைட் எடுத்து வைப்பார். ஒரு தடவை ஒருவர் கல்யாண வீட்டுக்குச் சீரியல் லைட் கேட்க, இவர் சீலிங் ஃபேனுக்கு இறக்கை எடுத்துவந்து, இதை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று சொல்லவும் தொடங்கிவிட்டார்.

இந்தக் கதையெல்லாம் கோயம்புத்தூரில் இருக்கிற மகள் தங்கச்செல்வி காதுக்குப் போனது. அவள் ஊருக்கு வந்து, அப்பாவை மதுரைக்குக் கூட்டிப் போய், வலது காதுக்கு ஒரு மிஷின் வாங்கி மாட்டிவிட்டாள். காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற சின்னச் சாமான். பழைய மாதிரி பட்டன் பேட்டரி மாற்றுகிற வேலை இல்லை, இதுவும் சார்ஜ் ஏற்றுகிறது. குட்டி டப்பாவுக்குள் படுக்க வைத்தால் தானே ஏறிக்கொள்ளும். மிஷின் விற்கிற இடத்தில் இருந்த பெண், காலையில் போட்டால் படுக்கப் போகும்போது கழற்றுங்கள் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். கூடவே, உள்ளே இருக்கிற பேட்டரி நாலைந்து வருஷம் வரும், அப்புறம் கம்பெனிக்கு அனுப்பித்தான் மாற்ற வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். அண்ணாச்சி மனதில் முதல் வாக்கியம் நிற்கவில்லை. இரண்டாவது வாக்கியம் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

மிஷின் வந்த முதல் நாள் கடைத்தெருவே அவர் கடை முன்னால் நின்றது. பஸ் ஹாரன் கேட்டுத் துள்ளினார். பீரோக் கதவு இப்படியா கிறீச்சிடும் என்று ஆச்சரியப்பட்டார். காக்காய் கத்தினதற்குச் சிரித்தார். என் கடையில் நான் ஒரு தாம்பாளத்தைக் கீழே போட்டேன், வேண்டுமென்றேதான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னை ஏசினார். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அவர் என்னைக் கேட்டு ஏசுகிறார்.

எல்லாரையும்விடச் சந்தோஷப்பட்டவர் மதினி. அன்றைக்குத் தலைக்குக் குளித்து, பூ வைத்து, அண்ணாச்சி மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கத்திச் சொல்ல முடியாத விஷயங்கள் என்று எவ்வளவோ இருக்கும் அல்லவா? நாத்தனாரைப் பற்றி, மகளைப் பற்றி, இடுப்பு வலியைப் பற்றி. ஊர் கேட்கக் கூடாது என்று இத்தனை காலம் அடக்கி வைத்த எல்லாமும் வரிசை கட்டி நின்றன. மதினி பேச ஆரம்பித்தார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு கையைக் காதுக்குக் கொண்டுபோய் மிஷினை அமுக்கி, ஆஃப் பண்ணி அமர்த்திவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, சார்ஜை மிச்சம் பிடிக்கணும் என்றார்.

அன்றிலிருந்து அதுவே சட்டம். வீட்டுக்குள் நுழைந்தால் மிஷின் அமர்ந்துவிடும். கடையில் மட்டும் உயிர் பெறும். கடையிலும் எல்லாருக்கும் இல்லை. சாமான் வாங்க வந்தவருக்கு ஆன். விலை மட்டும் விசாரிக்க வந்தவருக்கு, முகத்தைப் பார்த்து முடிவு. நன்கொடை ரசீதோடு வருகிறவர்களுக்கு ஆஃப். எனக்கு?

நான் எத்தனை வருஷத்துப் பக்கத்துக் கடைக்காரன்! டீயை ஒரே டம்ளரிலிருந்து பிரித்துக் குடித்தவன். நான் வாசலில் தலையைக் காட்டினதும் அவர் கை காதுக்குப் போகும். அமுக்குவார். அப்புறம் சிரித்த முகமாக என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருப்பார். ஒரு மனிதனுடைய மதிப்பு என்ன என்பதை இவ்வளவு துல்லியமாக அளக்கிற கருவியை நான் பார்த்ததே இல்லை. நாளடைவில் கடைத்தெருவில் இதுவே ஒரு அந்தஸ்தாகிவிட்டது. அண்ணாச்சி எனக்கு ஆன் பண்ணினாரே என்று பால்சாமி என் கடையில் வந்து பெருமை பேசினார். எனக்கு வயிறு எரிந்தது.

எனக்கே இப்படி என்றால் மதினிக்கு எப்படி இருக்கும்? அவர் என் மனைவி தங்கலட்சுமியிடம்தான் கொட்டுவார். அங்கிருந்துதான் எனக்கு எல்லாம் வந்து சேரும்.

முதலில் மதினிக்கு நம்பிக்கை வரவில்லை. மிஷின் அமர்ந்திருந்தாலும் கொஞ்சமாவது கேட்கும், பாசாங்கு பண்ணுகிறார் என்று நினைத்தார். சோதித்துப் பார்க்க, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அடுப்படியில் பாம்பு படுத்திருக்கிறது என்று குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொன்னார். அண்ணாச்சி தலையாட்டி, நேற்றைக்கு வைத்த குழம்பைவிட இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்றாராம்.

அடுத்து மதினி பேசுவதையே நிறுத்திவிட்டார். இனி ஒரு வார்த்தை கிடையாது, அவராக வந்து ஏன் பேசவில்லை என்று கேட்கட்டும் என்று வைராக்கியம். கடைத்தெருவுக்கே திகைப்பாகிவிட்டது. காலையில் மதினி குரல் வராமல் ஊருக்கு நேரமே தெரியவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். விசாரிக்காத ஒரே ஆள் அண்ணாச்சி. கேட்காத காதுக்குப் பேச்சு எது, மௌனம் எது? சில நாள் கழித்து அவரே என்னிடம் வந்து, மிஷினை அமர்த்தி வைத்துக்கொண்டே, வீட்டில் இப்போதெல்லாம் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பதிலுக்கு நான் சொன்னது நல்லவேளை அவருக்குக் கேட்கவில்லை.

அன்றைக்கு மதினி என் வீட்டில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

"கடைக்கு வர்றவுகளுக்கெல்லாம் தெறக்குற காது, எனக்கு மட்டும் பூட்டு. நான் என்ன பெருசாக் கேட்டேன்? ஒரு நாளாச்சும் நான் பேசுறது அவுக காதுல விழணும். பேட்டரிய விடவா நான் தேஞ்சு போயிருவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. மகளுக்குப் போன் போட்டுச் சொல்லலாமே என்று தங்கலட்சுமி கேட்டதற்கு மதினி வேண்டாம் என்றார். மகள் சொல்லிக் கேட்கிற காது எனக்கு எதற்கு, என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை. பஸ் வந்து இறங்கின கூட்டம் அண்ணாச்சி கடையில் நின்றது. முன்னால் பால்சாமி, லைட்டுக்கு வார் அறுந்துபோய் வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். அதற்கும் பின்னால், கையில் கட்டைப்பையோடு, வெளியூர் போகிற சேலை கட்டிக்கொண்டு கனகலட்சுமி மதினி நிற்கிறார்.

எங்கள் பக்கத்து வியாபாரக் குடும்பங்களில் இது நடக்கிற காரியமே இல்லை. முதலாளி வீட்டு அம்மா கடைக்கு வந்தால் பின்வாசல் வழியாக வருவார், கல்லாவுக்குப் பின்னால் நிற்பார், தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போவார். தெருப்பக்கம் வந்து, வாங்க வந்த ஆட்களோடு ஆளாக நிற்பது என்பது ஒரு பெரிய விஷயம். நான் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். தெருவில் இன்னும் சில கடைகளிலிருந்தும் தலைகள் நீண்டன.

அண்ணாச்சி வரிசையாக ஆட்களை அனுப்பிக்கொண்டே வந்து, நிமிர்ந்து பார்த்தார். பின்வாசல் பூட்டிக் கிடக்கிறதா என்று கேட்டார். மதினி ஒரு அடி முன்னால் வந்து நின்றார். அண்ணாச்சியின் கை, பழக்கதோஷம், காதுக்குப் போனது.

பால்சாமி வாரை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றிருந்தார். அவருக்குத் தன் அந்தஸ்தில் ஒரு அக்கறை.

"அண்ணாச்சி, யாவாரத்துக்கு வந்தவுகள்ட்ட அப்படிச் செய்யலாமா?" என்றார்.

கை பாதியிலேயே நின்றது. மதினி பையைப் பலகைமேல் வைத்து, தனக்கு ஒரு சார்ஜ் லைட்டு வேண்டும் என்றார். மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, மதினியோ பழைய வழக்கப்படி உச்சக்குரலில் கேட்கிறார். அண்ணாச்சி முகம் சுளிந்து போனது. இருந்தாலும் வியாபாரி அல்லவா, திரும்பி ஒரு லைட்டை எடுத்து வைத்தார். மதினி அதை உருட்டிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். பைக்குள் போடவில்லை.

எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மற்றவர்களுக்கெல்லாம் சொல்கிறீர்களே, எனக்குச் சொல்லவில்லையே என்று கேட்டார். அண்ணாச்சி தயங்கினார். சுற்றிலும் பார்த்தார். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவரைப் பேசாமல் இருக்க வைக்க யாராலும் முடியாது. மெதுவாக ஆரம்பித்து, வெயிலைத் தாண்டி, சூட்டைத் தாண்டி, முக்கால் சார்ஜுக்கு வந்து சேர்வதற்குள் எதிரில் நிற்பது யார் என்பதையே மறந்துவிட்டார். மதினி ஒழுங்காகத் தலையாட்டிக் கேட்டார். அப்புறம் சாதாரணமாக ஒரு சந்தேகம் கேட்டார்: இதை உபயோகிக்காமல் பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்தால் ரொம்ப நாளைக்கு வருமா?

"வராதும்மா," என்றார் அண்ணாச்சி, வேகத்தில். "வேலை பாத்தாலும் அதுக்கு வயசாகும், சும்மா கெடந்தாலும் வயசாகும். சும்மா கெடந்து சாகுறதுக்கு, வெளிச்சம் குடுத்துட்டே போகட்டுமே."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. மிஷின்தான் ஓடிக்கொண்டிருக்கிறதே. வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நீண்டிருந்த தலைகளும் சிரித்தன. மதினி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப எங்கிட்ட மட்டும் ஏன் அமத்தி வச்சீக?"

அண்ணாச்சி லைட்டை எடுத்து டப்பாவுக்குள் வைத்தார். திரும்ப வெளியே எடுத்தார். வேறு வழியில்லை என்று தெரிந்ததும், யாரையும் பார்க்காமல், அந்த லைட்டைப் பார்த்தே சொன்னார்.

"மிஷினப் போட்ட அன்னைக்கு நீ பக்கத்துல உக்காந்து பேசுனேல்ல. யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. எனக்குள்ள உன் குரலு வேற, கனகு. காது போறதுக்கு முன்னால கேட்ட குரலு. இத்தன வருசமும் உன் வாய் அசையுறப்பல்லாம் எனக்கு அதான் கேட்டுச்சு. இதப் போட்டா அது போயிருது. அதான் அமத்திட்டேன். சார்ஜுன்னு சொன்னது சும்மா."

எங்கள் யாருக்கும் சிரிப்பு மிச்சமில்லை. மனுஷன் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறார் என்று ஊரே பேசிக்கொண்டிருக்க, அவர் மிச்சம் பிடித்தது வேறு ஒன்றை. நான் என் மனதுக்குள் அவரை ஏசியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள நினைத்தேன். அதற்குள் மதினி பேசிவிட்டார். கத்தவில்லை, ஆனாலும் தெரு முழுக்கக் கேட்டது.

"அந்தக் குரலு எங்க போச்சுன்னு நெனைக்கிறீக? உங்களுக்குக் கேக்கணும், உங்களுக்குக் கேக்கணும்னு கத்திக் கத்தித்தான் போச்சு."

பால்சாமி மெல்ல நகர்ந்து, சுவரில் தொங்கிய வயர் சுருளைத் தனக்கு வேண்டியது போலப் பார்க்க ஆரம்பித்தார். அந்தக் குரலை நானும்தான் வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறேன். கரகரக்கிறது, காதைப் பிளக்கிறது, வியாபாரத்தைக் கெடுக்கிறது என்று எரிச்சல் பட்டிருக்கிறேன். எதற்காக அது அப்படி ஆனது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அண்ணாச்சி கல்லாப் பக்கத்துப் பலகையைத் தூக்கி வழிவிட்டு, முக்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டார்.

"இனிமே கத்தாத. மெதுவாப் பேசு. கேக்குது."

மதினி உள்ளே போய் உட்கார்ந்தார். மெதுவாகப் பேசப் பார்த்தார். வரவில்லை. முதல் வார்த்தை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி வந்தது. அவரே வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த தடவை வெறும் காற்றுதான் வந்தது. அண்ணாச்சியிடம் மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. திரும்பத் திரும்ப முயற்சி பண்ணினார். கடைசியில், கிழிந்த துணி மாதிரி, உடைந்து உடைந்து ஒரு குரல் வந்தது. அது அண்ணாச்சி மனதில் வைத்திருந்த குரலாக இருக்க முடியாது. ஆனால் அவர் முகம் சுளிக்கவில்லை, வலது காதை அந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார்.

நான் என் கடைக்குத் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் பேச்சு நின்றதாகத் தெரியவில்லை. இடையிடையே வாங்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போனார்கள், யாருக்கும் உபதேசம் நடக்கவில்லை. எனக்கு ஆவல் தாங்கவில்லை. சொன்னால் கேவலம், ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை பிடிபட வேண்டுமே! அவர்கள் வீட்டு விஷயம் எனக்குக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை. மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த தங்கலட்சுமியும் டம்ளரை வாங்கிக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஏமாந்து போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மதினி எழுந்து டீ போட உள்ளே போவது தெரிந்தது. அந்த இடைவெளிக்காகவே காத்திருந்தவன் மாதிரி நான் அங்கே போய் நின்றேன். மதினி அப்படி என்னதான் சொன்னார் என்று கேட்டேன். அண்ணாச்சி திரும்பவில்லை. காதை வழக்கம்போல எனக்கு அமர்த்திவிட்டார் என்று நினைத்துக் கோபத்தோடு தோளைத் தட்டினேன். திரும்பினவர் காதில் மிஷினே இல்லை. அது பலகை மேல், சார்ஜ் டப்பாவுக்குள் படுத்திருந்தது.

"சார்ஜ் ஒட்ட எறங்கிருச்சு. நேத்து ஏத்தாம விட்டுட்டேன்," என்றார். "உச்சி வெயிலுக்கே அமந்துபோச்சு."

மத்தியானத்திலிருந்தே கேட்கவில்லையா, அப்புறம் நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே என்று கையாலும் வாயாலும் கேட்டேன். அவர் அடுப்படிப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, திருட்டுப் பையன் மாதிரி குரலைத் தாழ்த்தினார். ஆனால் காது கேட்காதவர் தாழ்த்துகிற குரல் அல்லவா, அது தாராளமாக அடுப்படி வரைக்கும் போயிருக்கும்.

"அவ அழுதுக்கிட்டும் சிரிச்சுக்கிட்டும் சொல்லிக்கிட்டே இருந்தா. நடுவுல எப்படி நிறுத்தச் சொல்றது? பேசாம அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தேன். ரொம்ப நல்லாருந்துச்சு. இப்பக் கொஞ்சம் ஏறிரும்லா, ஏறுனதும் உண்மையச் சொல்லிருவேன். அவ தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தல்குடி போனது வரைக்கும் கேட்டேன். அங்கருந்து மறுபடி சொல்லச் சொல்லணும்."

உள்ளே டம்ளர் ஓசை கேட்டது. என்னைப் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு, அண்ணாச்சி மிஷினை டப்பாவிலிருந்து எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.